ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி, 17 மே 2025

மகள் பத்தாம் வகுப்பில் 481 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மருத்துவம் வேண்டுமென்றால் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில்தான் சேர்க்க வேண்டும் என்று உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பள்ளியில் அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாகவும் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. அங்கே படித்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

17 மே 2025, இரவு

அப்படி ஒரு பள்ளியின் விடுதியில் 2009 ஜூன் முதல் 2011 மார்ச் வரை இருந்தவன் நான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்கு அங்கே நேர்ந்தது அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. அந்த ஆண்டுகளில் அரசாங்கமே பிறகு ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அது பரவியிருந்தது. சாப்பாடு எப்படி இருக்கும், அடிப்பார்களா, தொலைபேசியில் பேச விடுவார்களா என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வியாக நான் ஒன்றைத்தான் நினைக்கிறேன்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவர்கள் நடத்துகிறார்களா?

எங்களுக்கு நடத்தவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் படித்தோம். காலையில் ஐந்து மணிக்கு ஸ்டடி தொடங்கும். ஒவ்வொரு நாளும் சிலிப் டெஸ்ட், வாரம் ஒரு முறை பெரிய தேர்வு, இரண்டாம் ஆண்டு தீபாவளிக்குப் பிறகு ஃபுல் போர்ஷன் தேர்வு என்று எழுதி எழுதி, எந்தக் கேள்வி புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடக் கண்ணை மூடினால் தெரியும். 1200-க்கு 1139 வாங்கினேன். கணிதத்தில் சென்டம், இயற்பியலில் 192, வேதியியலில் 194, பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 196.5. கோவையில் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கிடைத்தது. எங்கள் தெருவில் அதற்கு முன் யாருக்கும் கிடைக்காதது.

முதலாண்டில் ஒரு நாள், சாய்தளத்தில் வைத்த ஒரு மரக்கட்டையின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று வரையச் சொன்னார் பேராசிரியர். என்னால் வரைய முடியவில்லை. நியூட்டனின் விதிகள், உராய்வு, சுழல் இயக்கம், ஈர்ப்பு ஆகிய எல்லாம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இருந்தவை. முக்கோணவியலும் எல்லை, வகையீடு ஆகியவற்றின் அடிப்படைகளும் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் இருந்தவை. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கிய நான், வகையீடு என்பது ஒரு வளைவரையின் சாய்வைக் காட்டுகிறது என்பதை அந்தக் கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த ஆண்டு எனக்கு இரண்டு பாடங்களில் அரியர் விழுந்தது.

18 மே 2025

நேற்று எழுதியதை மறுபடியும் படித்தேன். கோபம் கூடுதலாகவும் நியாயம் குறைவாகவும் இருக்கிறது. என் அப்பா முட்டாள் அல்லர். சீட்டுப் பணத்தை எடுத்து ஆண்டுக்கு எழுபதாயிரம் கட்டி அங்கே சேர்த்தார் என்றால், அன்று இருந்த விதிக்கு அவர் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதை நீக்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் அது நல்லது என்றுதான் கொண்டு வந்தார்கள். இன்றும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் கணக்கில் வரவில்லை. மருத்துவத்துக்கு உயிரியல் 100-க்கும் இயற்பியல், வேதியியல் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கப்பட்டு 200-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். உயிரியலில் ஒரு மதிப்பெண் போனால் கட் ஆஃபில் அரை போய்விடும், அந்த அரையில் எத்தனையோ பேர் முன்னால் போய்விடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் பொதுத் தேர்வு இல்லை. அந்த மதிப்பெண்ணுக்கு எங்கும் மதிப்பும் இல்லை. அப்படியிருக்க, ஒரு பள்ளி இரண்டு ஆண்டுகளையும் ஒரே புத்தகத்துக்குக் கொடுத்தது என்றால், அந்த வழியைத் திறந்து வைத்தது விதிதான். பள்ளி செய்ததை நான் மன்னிக்கவில்லை. விதி எழுதியவர்கள் அதைப் பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்ததையும் மன்னிக்க முடியவில்லை.

19 மே 2025

ஒருவர் "பிராய்லர் பள்ளி" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாமக்கல்லில் வளர்ப்பது பெரும்பாலும் முட்டைக் கோழி. கறிக்கோழிக்குப் பல்லடம் பக்கம் போக வேண்டும். கோழி விஷயத்திலேயே தவறான அந்தச் சொல், பிள்ளைகளை வைத்துச் சொல்லும்போது இன்னும் தவறு. எங்கள் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். தருமபுரியிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, இரவில் போர்வைக்குள் அழுதுவிட்டுக் காலையில் எழுந்து படித்தவர்கள். அவர்களை யாரும் கூண்டில் அடைத்துத் தீனி போட்டு வளர்க்கவில்லை. அவர்கள் தாங்களாகவே உழைத்தார்கள்.

19 மே 2025, மாலை

ஏன் குறிப்பாக அந்த ஊர்கள் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் அங்கே இருந்தபோது புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ராசிபுரம் பக்கம் வானம் பார்த்த பூமி. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான அந்த மாவட்டத்தில் லாரிக்குக் கூடு கட்டுவது, திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடு முழுவதும் அனுப்புவது, கோழிப்பண்ணை என்று எல்லாமே பலர் பங்கு போட்டுத் தொடங்கிய தொழில்கள். பள்ளியையும் அப்படியே தொடங்கினார்கள். பாடம் நடத்தும் ஆசிரியரே பங்குதாரராக இருந்த பள்ளிகள் உண்டு. எங்கள் வேதியியல் ஆசிரியருக்கும் ஒரு சிறு பங்கு இருந்தது என்று பேசிக்கொள்வார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நெடுஞ்சாலை, நிலம் மலிவு, எந்த மாவட்டத்திலிருந்தும் இரவுப் பேருந்தில் ஏறினால் விடியும்போது வந்து இறங்கலாம். முடிவு வெளியான மறுநாள் நாளிதழ்களில் முழுப் பக்கத்துக்கு மாநில ரேங்க் எடுத்தவர்களின் படங்கள் வரும். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய பிள்ளைகளை அந்தப் பக்கமே கூட்டி வந்துவிடும். 2017-இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது, என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

22 மே 2025

திருத்தம் ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு என் பழைய விடுதித் தோழன் அழைத்தான். "ஒரு நாள்கூட நடத்தவில்லை என்பதுபோல எழுதியிருக்கிறாயே, ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நடத்தினாரே, மறந்துவிட்டாயா?" என்று கேட்டான். மறந்துதான் போயிருந்தேன். அந்த வேதியியல் ஆசிரியர், மோல் கருத்தும் வேதிப்பிணைப்பும் தெரியாமல் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடமாட்டேன் என்று நிர்வாகத்தோடு வாதாடி இரண்டு மாதம் வாங்கியிருக்கிறார். இரவு ஸ்டடியில் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டு, கேட்ட கேள்வியையே மூன்றாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தந்தவர் அவர். கல்லூரியில் எனக்கு அரியர் விழாத பாடங்களில் வேதியியலும் ஒன்று என்பதை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

தோழன் இன்னொன்றையும் சொன்னான். தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த அவன் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர். "உனக்குக் கிடைத்தது வேறு, எனக்குக் கிடைத்தது வேறு. அந்தப் பள்ளி இல்லையென்றால் நான் மருத்துவன் இல்லை, இதையும் எழுது" என்றான். எழுதிவிட்டேன். யோசித்தால் அவன் சொல்வதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. எங்கள் காலத்துப் பாடத்திட்டத்தில் மனித உடலியல் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில்தான் இருந்தது. அதனால் மருத்துவத்துக்குப் போனவனுக்கு இரண்டு முறை படித்தது உதவியது. இயந்திரவியலுக்குப் போன எனக்கு வேண்டியது முழுவதும் விட்டுப்போன புத்தகத்தில் இருந்தது. ஒரே விடுதி அறையில் படுத்திருந்த இருவருக்கு ஒரே பள்ளி இரண்டு விதமாக அமைந்தது என்பதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

23 மே 2025

ஆனால் அது 2011. உங்கள் மகளுக்கு இருப்பது நீட். 2017 முதல் மருத்துவச் சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் எண்ணப்படுவதில்லை. நீட் தேர்வில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புப் பாடங்களும் வருகின்றன. எந்தப் புத்தகத்தை ஒதுக்கி வைத்துச் சென்டம் வாங்கினோமோ, அந்தப் புத்தகம் இல்லாமல் இப்போது மருத்துவமே இல்லை. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கொண்டு வந்ததும், 2018-இல் புதிய பாடத்திட்டம் தந்ததும் பள்ளிகளைப் பாடம் நடத்த வைப்பதற்காகத்தான். அப்படியானால் முதல் நாள் நான் எழுப்பிய கேள்விக்கு இன்று எல்லாப் பள்ளிகளும் "நடத்துகிறோம்" என்றே பதில் சொல்லும். எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புச் செய்முறைகளைப் பிள்ளைகள் கையாலேயே செய்கிறார்களா, பயிற்சிக் கையேட்டிலிருந்து விடையைக் குறிக்க மட்டும் பழக்குகிறார்களா என்று பாருங்கள்.

நீட் வந்த பிறகு அதே ஊர்களில், தேர்வை மறுபடியும் எழுதுவோருக்கான ரிப்பீட்டர் பேட்ச் பெருகியிருக்கிறது. நீட்டின் விளைவுகளை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ எழுதியவர்கள் 2020-21-இல் பத்துக்கு ஏழு பேருக்கு மேல். பள்ளி "இரண்டு ஆண்டில்" என்று சொன்னால், மூன்றாவது ஆண்டுக்கும் பணம் இருக்கிறதா என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

25 மே 2025

இன்று ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்: "ஆறு முதல் பத்து வரை உங்கள் மகள் எங்கே படித்தாள்?" நீங்கள் "எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு மனம் பதறிவிட்டது. எட்டு நாளாக நான் என் கதையையே எழுதிக்கொண்டிருந்தேன். இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான். கவனமாகப் படியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து நீட்டில் தேறியவர்களுக்கு, 2020 முதல் தமிழ்நாட்டின் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை என்பதுதான் முக்கியம். பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும், திரும்ப வராது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் 2021 முதல் இதே 7.5 விழுக்காடு உண்டு. இவை எதுவும் வேண்டாம், கலைக் கல்லூரிக்குப் போகிறாள் என்றாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பதே விதி.

பொதுப் பிரிவில் நீட் எழுதி இடம் பிடிக்கத் தேவையான மதிப்பெண்ணுக்கும், இந்த உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் இடைவெளி பெரிது. பாதிக் கட்டணம் குறைக்கிறோம் என்று சொன்ன பள்ளி உங்களிடம் இதைச் சொல்லியதா என்று கேட்கிறேன். சொல்லவில்லை என்றால், அவர்கள் குறைத்த தொகையைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றை நீங்கள் அறியாமலே இழக்கப் பார்த்தீர்கள்.

25 மே 2025, இரவு

"அப்படியானால் அரசுப் பள்ளியில் நீட்டுக்கு யார் சொல்லித் தருவார்கள்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எல்லா அரசு மேல்நிலைப் பள்ளியிலும் நான்கு அறிவியல் பாடங்களுக்கும் ஆசிரியர் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சேர்க்கும் முன் பள்ளிக்குப் போய், இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் முதுநிலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியாக இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். காலியாக இருந்தால் விருத்தாசலத்தில் வேறு அரசுப் பள்ளியைப் பாருங்கள்; அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுவதால் ஒதுக்கீடு போகாது. விடுதிப் பள்ளிக்குக் கட்டவிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வாரக் கடைசியில் தனியாகச் சொல்லித் தர ஆள் பார்க்கலாம்.

1 ஜூன் 2025

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு எங்களுக்குப் பெற்றோர் வரும் நாள். விடியற்காலையிலேயே வாயிலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிடும். தூக்குவாளியில் கறிக்குழம்பும் வாழையிலையும் கொண்டு வந்து, மைதானத்து வேப்பமரங்களின் அடியில் துண்டை விரித்து, பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என் அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "ராத்திரி தூங்குறியா?" தூங்குகிறேன் என்று பொய் சொல்வேன். மரத்தடியிலிருந்து பார்த்தால் போதமலை தெரியும். கூட்டம் கலைந்த பிறகு அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்ற மாலைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மகளுக்குப் போக மனமில்லை என்று முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தீர்கள். நாங்கள் எல்லோரும் மதிப்பெண்ணையும் ஒதுக்கீட்டையும் பற்றியே பேசிவிட்டோம். அவள் சொன்னது ஒரு காரணமாகவே எண்ணப்பட வேண்டியது. என்னிடம் அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் சீட்டை எடுத்தாகிவிட்டது. அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

9 ஜூன் 2025

விருத்தாசலத்தில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவில் சேர்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாக இருந்தது.

விடுதிப் பள்ளியில் முன்பணம் கட்டியிருந்ததைத் திருப்பிக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. எதற்காக எவ்வளவு வாங்கினார்கள் என்று தனித்தனி ரசீது கேளுங்கள். ரசீதோடு எழுத்து மூலம் விண்ணப்பித்துவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

10 ஆகஸ்ட் 2025

முந்தாநாள் முதலமைச்சர் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு இந்த ஆண்டிலிருந்தே இல்லை. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத் தேர்வு எழுதிப் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. அதை எதிர்க்கவும் மனம் வரவில்லை. ஆயினும் செய்தியைப் படித்த உடனே என் கண்முன் வந்தது 2009 ஜூன் மாதம் கையில் கொடுக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். மே 23 அன்று நான் எழுதிய குறிப்பில் அந்தத் தேர்வையும் ஒரு காவலாகச் சொல்லியிருந்தேன். அந்தக் காவல் இப்போது இல்லை. நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு நீட்டே பதினொன்றாம் வகுப்பைப் படிக்க வைக்கும். பொறியியலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, யார் படிக்க வைப்பார்கள்? கணித, இயற்பியல் பிரிவுகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் எந்தப் பள்ளியாக இருந்தாலும் மாதம் ஒரு முறை குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்.

உங்களிடமும் கேட்கிறேன்: மகளுக்கு இயற்பியலில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது?

11 ஆகஸ்ட் 2025

இயக்க விதிகள் நடக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. முதல் தொகுதியில் மூன்றாவது அலகு அது. ஆகஸ்டில் அங்கே இருப்பது சரியான வேகம். சாய்தளத்தில் வைத்த பொருளின் உராய்வு விசை எந்தப் பக்கம் செயல்படும் என்று அவளுக்குச் சந்தேகம், ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள், நீங்கள் சொல்லித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். முதலில் அவளையே வரையச் சொல்லுங்கள். கட்டை எந்தப் பக்கம் சறுக்கப் பார்க்கிறது என்று ஓர் அம்புக்குறி, எடை செங்குத்தாகக் கீழே ஒன்று, தளத்துக்குச் செங்குத்தாக மேலே ஒன்று. உராய்வை அவளுக்குத் தோன்றும் பக்கமே வரையட்டும், தவறாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். வரைந்த தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். நாளை காலை வேலைக்குக் கிளம்பும் முன் பார்த்து எழுதுகிறேன். அதே படத்தை எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் ஆசிரியரிடமும் காட்டச் சொல்லுங்கள்.